குடும்பத்தோடு பழனிக்கு ஒருநாள் நடை: சத்திரப்பட்டியிலிருந்து மலையடிவாரம் வரை

பழனிக்கு நடக்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது “எத்தனை கிலோமீட்டர்?” என்றுதான். அந்தக் கணக்கில் மலை வராது. ரோட்டில் நடந்து முடித்த பிறகு 693 படி பாக்கி இருக்கிறது என்பது, அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்க்கும்போதுதான் பலருக்கு உறைக்கும்.

எங்களுக்கும் அப்படித்தான் உறைத்தது. முதல் வருசம் ஒட்டன்சத்திரத்தில் தொடங்கினோம். நான், வீட்டுக்காரர், அறுபத்து நாலு வயது அத்தை, நாலாவது படிக்கிற பையன். ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். பொழுது சாய அடிவாரம் வந்து சேர்ந்தோம். பாத விநாயகர் கோயில் முன்னால் பையன் துண்டைக்கூட விரிக்காமல் தரையில் படுத்துவிட்டான். அத்தைக்கு இரண்டு முழங்காலும் வீங்கியிருந்தது. அன்றைக்கு மலை ஏறவில்லை. மறுநாள் விஞ்சில் (கம்பியால் இழுத்து மலையேற்றும் ரயில் பெட்டி) போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு, யாரோடும் யாரும் பேசாமல் ஊர் திரும்பினோம்.

அதற்குப் பிறகு தூரத்தைப் பாதியாகக் குறைத்தோம். இப்போது ஒட்டன்சத்திரத்துக்கும் பழனிக்கும் நடுவில் இருக்கிற சத்திரப்பட்டியில் இறங்கி நடக்கிறோம். சுமார் 15 கிலோமீட்டர். வெயில் ஏறுவதற்குள் அடிவாரம், மத்தியானம் தூக்கம், சாயங்காலம் மலை. முதன்முதலாகக் குடும்பத்தோடு நடக்கப் போகிறவர்களுக்கு இந்த அளவுதான் சரி என்பது என் கட்சி. திண்டுக்கல்லிலிருந்தே நடந்தால்தான் பாதயாத்திரை என்று சொல்லும் மாமாக்கள் எல்லா வீட்டிலும் இருப்பார்கள். அவர்களோடு அடுத்த வருசம் நடந்துகொள்ளலாம்.

நாள் பார்ப்பது

தைப்பூசத் திருவிழா பத்து நாள். பெரியநாயகியம்மன் கோயிலில் கொடியேறும், ஏழாம் நாள் பூசத்தன்று தேர். அந்த ஏழு நாளில், குறிப்பாகக் கடைசி மூன்று நாளில், திண்டுக்கல் ரோடு தலைகளாகத்தான் தெரியும். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, திருச்சிப் பக்கத்துச் சனம் முழுக்க இந்த வழியாகத்தான் வரும். பார்க்க அழகு. ஆனால் சின்னப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு மலை வரிசையில் மணிக்கணக்காக நிற்பது வேறு விஷயம். முதல் தடவைக்குப் பூசத்தன்று வேண்டாம்.

அதற்காக ஆளே இல்லாத நாளும் வேண்டாம். விடியாத இருட்டில் நாலே பேர் நெடுஞ்சாலை ஓரம் நடப்பது நல்லதில்லை. பூசத்துக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் ஒரு வேலைநாளாகப் பாருங்கள். முன்னாலும் பின்னாலும் ஏதாவது ஒரு குழு போய்க்கொண்டிருக்கும், ஆங்காங்கே அன்னதானப் பந்தலும் போட ஆரம்பித்திருப்பார்கள், மலையில் நெரிசல் இருக்காது. பங்குனி உத்திரத்துக்கும் பழனிக்குக் கூட்டம் வரும். கொங்குப் பக்கத்தார் கொடுமுடியிலிருந்து காவிரித் தீர்த்தம் எடுத்துக் காவடியோடு நடந்து வருவது அப்போதுதான். ஆனால் பங்குனி வெயிலில் பிள்ளைகளைத் தார்ரோட்டில் நடத்தாதீர்கள். தை மாதத்துப் பனி உங்களுக்குக் கூடுதல் நேரம் தரும்.

விரதம், மாலை, பச்சை வேட்டி எல்லாம் உங்கள் வீட்டு வழக்கப்படி. நாற்பத்தெட்டு நாள் இருப்பவர்களும் உண்டு, முந்தின நாள் அசைவத்தை நிறுத்திவிட்டு நடப்பவர்களும் உண்டு. மாலை போட்டவரை எல்லாரும் “சாமி” என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் பையனை ஒரு பெரியவர் “சாமி, கொஞ்சம் வழி விடுங்க சாமி” என்றதும் அன்றைக்கு முழுக்க அவன் நடையே மாறிப்போனது.

மூன்று வாரத்துக்கு முன்னால்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரும் சேர்ந்து எட்டு கிலோமீட்டர் நடந்து பாருங்கள். இரண்டு ஞாயிறு போதும். அன்றைக்குப் போடப்போகிற அதே செருப்பு, அதே சாக்ஸ், அதே பை. நடந்து முடித்ததும் யாருக்கு எங்கே கடிக்கிறது, யார் முதலில் உட்காருகிறார் என்று பார்த்து வையுங்கள். மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை முடிவு செய்வது வேகமாக நடக்கிறவர் இல்லை, கடைசியில் வருகிறவர்தான். எங்கள் வீட்டில் அது பையன் என்று நினைத்திருந்தோம். நடந்து பார்த்தால் வீட்டுக்காரர்.

குழந்தைகளுடனும் வயதானவர்களுடனும் போனால் நின்று உட்காருவதையும் சேர்த்து மணிக்கு மூன்று கிலோமீட்டர் என்று கணக்கு வையுங்கள். பதினைந்துக்கு ஐந்து மணி நேரம்.

சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் இதைச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் நடக்க வேண்டும். இரண்டாவது வருசம் அத்தை வழக்கம்போல விடிகாலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டார், “கோயிலுக்குப் போகிறோம், சாமி கும்பிட்டுத்தான் சாப்பாடு” என்று வெறும் வயிற்றில் நடந்தார். ஆறு கிலோமீட்டர் தாண்டியதும் பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தால் நெற்றியில் முத்து முத்தாக வேர்வை, தை மாதப் பனியில். கை நடுங்குகிறது. ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்து, சர்க்கரை தூக்கலாக ஒரு டீயும் இரண்டு கடலை மிட்டாயும் கொடுத்துக் கால் மணி நேரம் காத்திருந்த பிறகுதான் முகம் தெளிந்தது. மாத்திரை போடுகிறவர் வெறும் வயிற்றில் நடக்கவே கூடாது என்பதை அன்றைக்குப் படித்துக்கொண்டோம். இப்போது கிளம்பும்போதே இரண்டு இட்லி. முருகன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

கால்

நடையில் பாதி வேலை காலைப் பார்த்துக்கொள்வதுதான். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

புதுச் செருப்பு கூடவே கூடாது. பையனுக்கு ஆசையாகப் புதுச் சாண்டல்ஸ் வாங்கி அன்றைக்கே போட்டுவிட்டேன். நாலாவது கிலோமீட்டரில் குதிகாலுக்கு மேல் வார் பட்ட இடம் சிவந்தது, ஏழாவதில் கொப்புளம். மீதி வழி என் சாக்ஸைப் போட்டுக்கொண்டு நடந்தான். இரண்டு மாதமாவது போட்டுப் பழகிய ஷூ நல்லது. காலையிலிருந்து நடந்தால் பாதம் கொஞ்சம் வீங்கும், அதனால் இறுக்கமாக இருப்பதைத் தவிர்த்துவிடுங்கள். விரலுக்கு முன்னால் ஒரு சுண்டுவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். முந்தின நாளே நகம் வெட்டிவிடுங்கள்.

கிளம்பும் முன் விரல் இடுக்கு, குதிகால், தொடையின் உள்பக்கம் மூன்று இடத்திலும் வாஸ்லினோ தேங்காய் எண்ணெயோ தடவிக்கொள்ளுங்கள். தொடை உரசலைப் பற்றி யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். ஆனால் கொப்புளத்தைவிட அதனால் நடையை நிறுத்தியவர்கள்தான் எனக்குத் தெரிந்து அதிகம். வேட்டி, சேலைக்குள் முழங்கால் வரை வருகிற பருத்திக் கால்சட்டை ஒன்று போட்டுக்கொண்டால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஜீன்ஸ் வேண்டாம்.

ஒவ்வொரு மணிக்கும் பத்து நிமிடம் உட்காருங்கள். உட்காரும்போது ஷூவையும் சாக்ஸையும் கழற்றிக் காலைக் காற்றாட விட்டு, பையின்மேல் தூக்கி வையுங்கள். சாக்ஸ் நனைந்திருந்தால் மாற்றுங்கள். கொப்புளம் வர ஆரம்பிக்கும்போது அந்த இடம் சூடாக எரியும். அப்போதே நின்று பிளாஸ்டர் ஒட்டினால் பிழைத்தது. “இன்னும் கொஞ்ச தூரம்தானே” என்று நடந்தால் போச்சு. வந்த கொப்புளத்தை உடைக்காதீர்கள். ஊசியில் நூல் கோத்துக் குத்தி விடுகிற பழக்கம் இந்த ரோட்டில் உண்டு, அந்தக் காலோடு மண்ணிலும் ஈரத்திலும் நடந்து சீழ் பிடித்தவர்களும் உண்டு.

உட்கார வைப்பதே சில சமயம் பெரிய பாடு. “அத்தை, கொஞ்சம் உட்காருவோமா?” என்றால், “நடந்துகிட்டே இருந்தா நடந்துருவேன்த்தா. உக்காந்தாத்தான் எந்திரிக்க முடியாது” என்பார். இந்தப் பேச்சுக்கு மயங்காதீர்கள். உட்காருகிற நேரத்தை முதல் நாளே பேசி வைத்துவிட்டால் வாக்குவாதம் வராது.

வெறுங்காலோடு நடப்பதாக வேண்டுதல் இருந்தால் அது உங்களுக்கும் முருகனுக்கும். நான் சொல்வது வெயில் கணக்கு மட்டும். காலை ஒன்பதரை வரை தார் பொறுக்கும். பத்துக்கு மேல் சுட ஆரம்பிக்கும். வெறுங்காலில் போகிறவர்கள் ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டின் மேலேயே வரிசையாக நடப்பதைப் பார்க்கலாம். கறுப்புத் தாரைவிட வெள்ளைப் பெயின்ட் சூடு குறைவு. பிள்ளைகளுக்கு இந்த வேண்டுதலை வைக்க வேண்டாம். கடைசி ஒரு கிலோமீட்டர் வெறுங்கால் என்று வைத்துக்கொண்டால் அவர்களுக்கும் பெருமை.

பை

ஆளுக்கொரு பை என்றால் ஆளுக்கொரு மூட்டை ஆகிவிடும். நாலு பேருக்கு இரண்டு தோள்பை, ஒவ்வொன்றும் நாலு கிலோவுக்கு மேல் போகாமல். தண்ணீர், இட்லிப் பொட்டலம், மாற்றுச் சாக்ஸ், பிளாஸ்டர், உப்புச்சர்க்கரைக் கரைசல் பாக்கெட் நாலு, டார்ச், துண்டு, மாத்திரை, உட்கார ஒரு பழைய சேலை. பழைய பருத்திச் சேலையைப்போல வேலை செய்கிற சாமான் வேறு இல்லை: விரித்தால் பாய், போர்த்தினால் போர்வை, நாலு பேர் பிடித்தால் மறைப்பு. பெண்கள் நாள் கணக்கைப் பார்க்காமல் நாப்கின் இரண்டு எடுத்து வையுங்கள். நடையில் கணக்கு தப்புவது உண்டு.

பிள்ளைக்கு ஸ்வெட்டர் போட்டுத்தான் கிளம்ப வேண்டும், விடிகாலைப் பனி அப்படி. ஏழரை மணிக்கு அவன் அதைக் கழற்றி உங்கள் தலையில் கட்டுவான் என்பதையும் எதிர்பார்த்துப் பையில் இடம் விடுங்கள்.

கிளம்புவது

காரில் வருகிறவர்களுக்கு ஒரு யோசனை. காரைச் சத்திரப்பட்டியில் விட்டால், நடந்து முடித்த பிறகு அதை எடுக்க யாராவது ஒருவர் திரும்ப வர வேண்டும். முந்தின நாள் சாயங்காலமே பழனி வந்து அறை எடுத்து, காரை அங்கேயே நிறுத்திவிடுங்கள். தேவஸ்தானத்தின் தண்டபாணி நிலையம் இருக்கிறது, தனியார் விடுதிகளும் நிறைய. திருவிழாச் சமயத்தில் முன்பதிவு இல்லாமல் வராதீர்கள். காலையில் திண்டுக்கல் போகிற பஸ் ஏறிச் சத்திரப்பட்டியில் இறங்கி, காரை நோக்கி நடந்து வாருங்கள். குளியலும் படுக்கையும் நடை முடிகிற இடத்தில் காத்திருக்கும். பஸ்ஸில் ஏறும்போதே “சத்திரப்பட்டி நிக்குமா?” என்று கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். நிற்காத வண்டியில் ஏறினால் ஒட்டன்சத்திரத்தில்தான் இறங்க வேண்டியிருக்கும், பதினைந்து முப்பதாகிவிடும்.

ஐந்து மணிக்காவது நடை தொடங்கிவிட வேண்டும். இதற்குக் காரணம் திசை. பழனி மேற்கே இருக்கிறது. காலையில் நடந்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால், மத்தியானத்துக்கு மேல் நடந்தால் நேரே முகத்தில். பெரிய குழுக்கள் இரவெல்லாம் நடப்பதும் வெயிலுக்குப் பயந்துதான். உங்களுக்கு அந்த இரவு நடை தேவையில்லை.

முதல் ஒன்றரை மணி நேரம் இருட்டு. இது வேகமாக வண்டி போகிற நெடுஞ்சாலை என்பதை மறக்க வேண்டாம். சாலையோரம் பாதயாத்திரைக்காரர்களுக்கென்று கல் பதித்த நடைபாதை போட்டிருக்கிறார்கள். சில இடங்களில் கல் பெயர்ந்து, முள்செடி மண்டிக் கிடக்கும். அங்கே ரோட்டில் ஏற வேண்டி வந்தால் ஒருவர் பின் ஒருவராக, எதிரே வண்டி வருகிற பக்கமாக நடங்கள். முதுகுப் பக்கம் வருகிற லாரி கண்ணுக்குத் தெரியாது. முன்னால் ஒரு டார்ச், பின்னால் ஒரு டார்ச், பிள்ளை நடுவில். பையின் பின்புறம் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள், சைக்கிள் கடையில் கிடைக்கும். காதில் ஹெட்போன் வேண்டாம். பாட்டு வேண்டுமென்றால், பின்னால் மைக்செட் கட்டிய வண்டியோடு ஏதாவது ஒரு குழு வராமல் இருக்காது.

காவடிக்காரர்கள் வந்தால் ஒதுங்கி வழி விடுங்கள். அவர்கள் நடை ஒரு தாளத்தில் இருக்கும், நடுவில் நின்றால் தோள் வலி தாங்காது.

நாய்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நடக்கிறவர்கள் பின்னாலேயே கிலோமீட்டர் கணக்காக வருகிற நாய்கள் இந்த ரோட்டில் உண்டு. பிஸ்கட் போட்டால் அது உங்கள் கட்சி ஆகிவிடும். அப்புறம் அடுத்த ஊர் நாய்கள் அதைக் கடிக்க வரும்போது பஞ்சாயத்து உங்களுடையது. பையன் ஒருமுறை அப்படி ஒன்றைச் சேர்த்துக்கொண்டு, அதை ஆயக்குடி டீக்கடைக்காரரிடம் கெஞ்சி ஒப்படைத்துவிட்டு வந்தோம்.

தண்ணீர், சாப்பாடு, கழிப்பிடம்

மூன்றையும் சேர்த்துச் சொல்லக் காரணம், பெண்கள் மூன்றாவதுக்குப் பயந்து முதலாவதைக் குறைத்துவிடுகிறார்கள். எட்டு மணிக்குத் தலைவலி, பத்து மணிக்குக் கெண்டைக்காலில் சுரீர் என்று இழுப்பு. தண்ணீரைக் குறைக்காதீர்கள். மணிக்கு அரை லிட்டர், ஒரே மூச்சாக இல்லாமல் மடக்கு மடக்காக. எங்கே பெட்ரோல் பங்க் கண்ணில் பட்டாலும், தேவை இருக்கிறதோ இல்லையோ, எல்லாரும் ஒருமுறை போய் வந்துவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். திருவிழாச் சமயத்தில் வழியில் தற்காலிகக் கழிப்பறைகளும் வைப்பார்கள், விடிகாலையில் அவை சுத்தமாக இருக்கும்.

கிளம்பும்போது இரண்டு இட்லி, ஏழு மணி வாக்கில் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியோ புளியோதரையோ. அன்னதானப் பந்தலில் கூப்பிட்டால் மறுக்காதீர்கள், ஆனால் ஒவ்வொரு பந்தலிலும் உட்கார்ந்து சாப்பிட்டால் நடக்க முடியாது. ஒரு கரண்டி பொங்கல், ஒரு டம்ளர் சுக்குக் காபி, கையெடுத்துக் கும்பிட்டு நகர்ந்துவிட வேண்டியதுதான். அன்புக்காகத் தட்டு நிறைய வாங்கிப் பாதியைக் கீழே போடுவதைப்போல மனசு சங்கடப்படுகிற காட்சி இந்த ரோட்டில் வேறில்லை. தட்டையும் பாட்டிலையும் போட ஒரு காலிப் பையை உங்களோடு கொண்டு போங்கள். வழியெங்கும் வயல்களும் தோப்புகளும்தான். காற்றில் பறக்கிற பிளாஸ்டிக் அங்கேதான் போய்ச் சேரும்.

ஆயக்குடியும் கொய்யாவும்

விடிந்த பிறகு இடது கைப் பக்கம் கொடைக்கானல் மலைத்தொடர் நீலமாக எழுந்து வரும். இந்த நடையில் எனக்குப் பிடித்த நேரம் அதுதான். இருட்டில் தூங்கி வழிந்த பையன் மலையைப் பார்த்ததும் “இதுவா பழனி?” என்பான். அது இல்லை. அதன் அடியில், சமவெளியில் தனியாக நிற்கிற குன்றுதான் பழனி.

பத்து கிலோமீட்டர் வாக்கில் ஆயக்குடி. கொய்யாவுக்குப் பேர்போன ஊர். காலையில் ரோட்டோரச் சந்தையில் கூடை கூடையாக இறங்கும். பெரிய ஆளே அங்கே சிறுபிள்ளையாகிவிடுவார். கிலோ கணக்கில் வாங்கிவிடாதீர்கள். அந்தக் கிலோவைச் சுமக்கப்போவது நீங்கள்தான். ஆளுக்கு ஒன்று, உப்புக் காரம் தொட்டு, உட்கார்ந்து தின்றுவிட்டு எழுந்திருங்கள். வீட்டுக்கு வேண்டுமென்றால் திரும்பும்போது வண்டியை நிறுத்தி வாங்கலாம்.

நீண்ட ஓய்வுக்கும் ஆயக்குடிதான் இடம். அரை மணி நேரம் தாராளமாக உட்காருங்கள். யாருக்காவது முடியவில்லை என்றால் கூச்சப்படாமல் அங்கிருந்து பஸ்ஸிலோ ஆட்டோவிலோ ஏற்றி அனுப்பிவிடுங்கள், கூட ஒரு பெரிய ஆளோடு. பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆயக்குடி தாண்டினால் கண்கள் தாமாகவே மலைக்கோயிலைத் தேட ஆரம்பிக்கும். முதலில் பார்க்கிறவர் “அரோகரா” போட வேண்டும். எங்கள் வீட்டில் முதலில் பார்க்கிறவருக்கு ஐம்பது ரூபாய். கடைசி ஐந்து கிலோமீட்டரில் பிள்ளையை நடக்க வைக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

அடிவாரம்

பத்து, பத்தரைக்கு ஊருக்குள் நுழைந்துவிடுவீர்கள். நேரே மலைக்குப் போகாதீர்கள். அறைக்குப் போய்க் குளித்து, பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் காலை வைத்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போடுங்கள். முடி காணிக்கை இருந்தால் அதையும் முடித்துவிடலாம். 2021-லிருந்து அதற்குக் கட்டணம் கிடையாது, கையில் காசு கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

அடிவாரத்தில் நடந்து வந்த கோலத்தைப் பார்த்ததுமே பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. தேங்காய் பழத் தட்டைக் கையில் திணித்து, “நாங்களே உள்ள கூட்டிட்டுப் போறோம்” என்று சொல்லி, கடைசியில் எங்களிடம் ஒருவர் கேட்ட தொகையில் நாலு பேர் மதுரை வரை போய்வரலாம். எதையும் கையில் வாங்கும் முன் விலை கேளுங்கள். தரிசனச் சீட்டு கோயில் கவுன்டரில் மட்டும்.

முறை என்னவென்றால் முதலில் திருஆவினன்குடி. அறுபடை வீட்டில் மூன்றாவது என்று சொல்லப்படுவது அடிவாரத்தில் இருக்கிற இந்தக் கோயில்தான். மேலே ஏறி இறங்கியவர்களில் பாதிப்பேர் இதைப் பார்க்காமலே ஊர் திரும்பிவிடுகிறார்கள். பிறகு பாத விநாயகர், பிறகு படி.

ஏறும் முன் செல்போனைக் கவுன்டரில் ஒப்படைக்க வேண்டும். 2023 அக்டோபரிலிருந்து மலைக்கோயிலில் அனுமதி இல்லை. அதனால் கூட்டத்தில் பிரிந்தால் எங்கே சந்திப்பது என்று முன்பே பேசி வையுங்கள். எங்களுக்குப் பாத விநாயகர் கோயில் வாசல். பிள்ளையின் சட்டைப் பையில் ஒரு சீட்டில் உங்கள் நம்பரை எழுதி வைப்பது நல்லது.

மலை

நாலு மணிக்கு ஏற ஆரம்பியுங்கள். நேர்ப்படி 693. அதற்குப் பக்கத்தில் யானைப்பாதை என்று சரிவாக வளைந்து போகிற வழி ஒன்று உண்டு. தூரம் கொஞ்சம் கூடுதல், ஆனால் காலையில் பதினைந்து கிலோமீட்டர் நடந்த முழங்காலுக்கு அதுதான் சௌகரியம். விஞ்சும் ரோப் காரும் இருக்கின்றன. ரோப் கார் காற்று பலமாக அடித்தால் நிற்கும், பராமரிப்புக்கென்றும் நிறுத்துவார்கள், அதை மட்டும் நம்பி வயதானவர்களைக் கூட்டி வராதீர்கள். அத்தை இப்போது விஞ்சில் வருகிறார். “நடந்து வந்தது கணக்கில் சேருமா?” என்று முதலில் கவலைப்பட்டார். சேரும் என்று சொல்லிவிட்டோம்.

ஏறும் வழியில் இடும்பன் சன்னதி வரும். பிள்ளைகள் களைத்து உட்காரும் இடமும் ஏறக்குறைய அதுவாகவே இருக்கும். அங்கே கதை சொல்லுங்கள். அகத்தியர் சொன்னபடி சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளையும் காவடியாகக் கட்டித் தூக்கி வந்த இடும்பன், இந்த இடத்தில் களைத்துப்போய் இறக்கி வைத்தான். திரும்பத் தூக்கினால் ஒன்று அசையவில்லை, மேலே ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். “அவனும் டயர்டா?” என்று கேட்டான் எங்கள் ஆள். ஆமாம், முதல் காவடிக்காரனே இங்கே வந்து இளைப்பாறியவன்தான்.

சாயரட்சை என்கிற சாயங்காலப் பூஜைக்கு முருகனுக்கு ராஜ அலங்காரம். படங்களில் கோவணத்தோடு தண்டம் பிடித்து நிற்கிற ஆண்டியையே பார்த்துப் பழகியவர்களுக்கு, கிரீடத்தோடும் பட்டோடும் பார்ப்பது வேறு அனுபவம். மத்தியானம் தூங்கச் சொன்னது இதற்காகவும்தான்.

பஞ்சாமிர்தத்தைத் தேவஸ்தானக் கடையிலேயே வாங்குங்கள். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிரசாதம் இது. இதில் சேர்கிற விருப்பாச்சி மலைவாழை விளையும் மலையும் நீங்கள் காலையில் இடது பக்கம் பார்த்துக்கொண்டே வந்த மலைத்தொடரில்தான் இருக்கிறது. டப்பா கனம், இறங்கும்போது வாங்கினால் போதும்.

இறங்கிய பிறகு

அன்றிரவே ஊருக்குக் கார் ஓட்ட வேண்டாம். விடிகாலையில் எழுந்து நடந்தவர் கண் எந்த நிமிடத்திலும் சொருகும். செட்டிநாட்டிலிருந்து காவடி எடுத்து வரும் நகரத்தார் பூசம் முடிந்து திரும்பும்போதும் நடந்தேதான் போகிறார்கள். நாம் அவர்கள் இல்லை. ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போகலாம்.

படுக்கும் முன் கெண்டைக்காலில் நல்லெண்ணெயைச் சூடு காட்டித் தேய்த்து, கால்மாட்டில் தலையணை வைத்துப் படுங்கள். மறுநாள் காலை ஏறுவது வலிக்காது, இறங்குவதுதான் வலிக்கும். விடுதி மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கிப் பாருங்கள், வலி பாதிதான் தெரியும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். பக்கத்து அறையிலிருந்து இன்னொரு குடும்பமும் அதேபோல இறங்கிக்கொண்டிருக்கும்.